எழுநூறில் ஈரமில்லை

இப்படித் தள்ளி உக்காருங்கண்ணே, ஜன்னல் பக்கம் நான் இருந்துக்கிறேன். எனக்கு வானத்தைப் பாக்கணும். காலுக்கு இடைஞ்சலா இருக்கா? அது ஒண்ணுமில்ல, சும்மா சுருட்டிக் கட்டின ஒரு சாமான். சீட்டுக்கு அடியில தள்ளிவிடலாம்னு பாத்தா போகாது, பரமக்குடியில ஏறும்போதே தள்ளிப் பாத்துட்டேன். கண்டக்டர் லக்கேஜ் போடணும்னு நின்னாரு. லக்கேஜ் இல்லய்யா, என் தங்கச்சி சாமான்னு சொன்னேன். தங்கச்சி சாமானுக்கும் டிக்கெட் கிழிச்சுட்டுத்தான் போனாரு.

நீங்க எங்க, சாயல்குடியா? அப்ப நான் இறங்கினதும் காலை நல்லா நீட்டிக்கலாம். நான் சாத்தனேந்தல் விலக்கு, ஊருக்கு ரோடு பிரியுற எடம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டோரமா எங்க குலசாமி கோயில். கோயில்னா கட்டடமெல்லாம் கிடையாது. ஒரு வன்னிமரம், அடியில ஊனின வேலு, சுத்திப் பூராம் கரிசக்காடு. இன்னைக்கு அங்கதான் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்துவாக, உங்களுக்குத் தெரியாததா. ஆனா இன்னைக்கு அந்தப் புள்ள என் மடியில உக்காருமா, இல்ல எங்க பெரியப்பா மகன் பூவலிங்கம் மடியிலயான்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

பத்திரிகை வந்துச்சு. வரலன்னு சொல்ல மாட்டேன். நான் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து வந்துச்சு. தாய்மாமன்னு கொட்டை எழுத்துல அடிச்சிருக்கு, பேரு போடல. என் சம்சாரம் நேத்தே சீர்த்தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டா. போறப்போ என்ன சொன்னா தெரியுமாண்ணே? "வாயைத் தொறக்காம இருக்க முடியும்னா வா, இல்லைன்னா வீட்டைப் பாத்துக்கிட்டு இரு"ன்னா. நான் என்ன அப்படி வாயாடியா? கேட்டாத்தானே சொல்றேன்.

ஒரு நிமிஷம் இருங்க. இந்தப் போனு பாருங்க, சுத்திக்கிட்டே இருக்கு. புது மேப்பு இந்நேரம் வந்திருக்கணும். இந்தக் கருவேலங்காட்டுக்குள்ள நுழைஞ்சாலே சிக்னல் செத்துப் போகும். வரும், வரும்.

மேப்புன்னா ஊருக்குப் போற மேப்பு இல்லண்ணே. வானத்துல மேல அடிக்கிற காத்தோட மேப்பு. நம்ம தொழில் ரேடியோ செட்டு. முத்துராக்கு ஒலி ஒளி அமைப்புன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, முதுகுளத்தூர் சுத்து வட்டாரத்துல நம்ம ஸ்பீக்கர் பொட்டி பாடாத கல்யாணம் இல்ல. முத்துராக்குங்கிறது என் தங்கச்சி பேருதான். எங்க அம்மா போனப்புறம் நான்தான் அவளை வளத்தேன். முதல் பொட்டி வாங்கினப்போ அதுல அவ பேரைத்தான் எழுதினேன், என் பேரை எழுதல. அதை யாராச்சும் நெனச்சுப் பாக்குறாகளா?

ரேடியோ செட்டுக்காரனுக்கு மழைதாண்ணே எமன். பொட்டிக்குள்ள பாடுற கூம்பு பூராம் காயித அட்டைதான், ஒருக்கா நனைஞ்சா அப்புறம் அது பாடுறது கெழவன் இருமுற மாதிரி இருக்கும். அதுனால எனக்கு எப்பவும் வானத்து மேல ஒரு கண்ணு. அப்புறம் போன்ல ஒரு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். டிவியில சொல்றவுக மழை வரலாம், வராமலும் இருக்கலாம்பாக. நான் அப்படிச் சொல்றதில்ல. நான் எழுநூறைப் பாப்பேன்.

எழுநூறுன்னா, மேல போகப் போகக் காத்தோட கனம் கொறையுதுல்ல, அது எழுநூறு மில்லிபாருக்குக் கொறையுற உசரம். பத்தாயிரம் அடி வச்சுக்கங்க. அந்த உசரத்துல காத்துல எவ்வளவு ஈரம்னு கலர் அடிச்சுக் காட்டுவான். பச்சைன்னா ஈரம். காவின்னா காஞ்சு கிடக்கு. நூத்துக்கு எழுபது பங்குக்கு மேல போனா மேகம், தொண்ணூறைத் தாண்டிருச்சுன்னா குடையைத் தேடணும். எத்தனை பங்குங்கிறதுதான் கணக்கு, எவ்வளவு தண்ணிங்கிறது இல்ல. இதுலதான் நிறையப் பேரு கோட்டை விடுறாக. சூடான காத்து அண்டா மாதிரிண்ணே, குளுந்த காத்து டம்ளர் மாதிரி. அண்டாவுல நாலு செம்பு ஊத்துனாலும் பாதி வராது. டம்ளர்ல ஒரு மடக்கு ஊத்துனாலே தளும்பும். மேல இருக்கிறது டம்ளர். தளும்புதா இல்லையான்னு அங்கதான் பாக்கணும்.

கீழ ஐயாயிரம் அடியிலயும் ஒரு மேப்பு இருக்கு, எண்ணூத்தம்பதும்பாக. அதை நம்பக் கூடாது. நம்ம கடலோரத்துக்காரவுக, கீழ எப்பவும் பச்சையாத்தான் இருக்கும். அதைப் பாத்து மழைன்னு சொன்னா தெனமும் மழைன்னுதான் சொல்லணும். கீழ இருக்கிறது ஏமாத்தும், மேல இருக்கிறது பொய் சொல்லாது. இதை நான் ஊருக்கே சொல்லிக் குடுத்தேன்.

எப்படிச் சொன்னேன்னு கேளுங்க. எங்க ஊரு தண்ணித்தொட்டி மேல நம்ம ஹாரன் ஒண்ணு கட்டியிருந்தேன். மாசி, பங்குனியில வத்தல் காயுற சீசன்ல ஊரு பூராம் களத்துல மொளகாதான் கிடக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க, செவசெவன்னு. தெனம் பொழுது சாயுற நேரத்துக்கு மைக்கைப் பிடிச்சு, "எழுநூறில் ஈரமில்லை. வத்தல் கிடக்கட்டும்"னு சொல்லுவேன். அம்புட்டுதான். ஈரம் இருந்தா, "மூடிக்கங்க"ம்பேன். சின்னப் புள்ளைக கூட வெளையாடும்போது எழுநூறில் ஈரமில்லைன்னு கத்திக்கிட்டு ஓடும். ஊரே நம்புச்சுண்ணே. தெனமும் சாயங்காலம் தார்பாயைப் போட்டு மூடி, காலையில எடுத்து உதறுற வேலை அவுகளுக்கு மிச்சம். டீக்கடையில நான் போய் நின்னா பேப்பர் படிக்கிறவுக மடக்கி வச்சுருவாக. அப்படி இருந்த ஆளு நான்.

இந்தா, சிக்னல் வந்துருச்சு. வருது, வருது. போச்சு. உங்க போனு எந்தக் கம்பெனி? பரவாயில்ல, அப்புறம் கேக்குறேன்.

போன வருசம் பங்குனி. என் தங்கச்சிக்கு நல்ல வெள்ளாமை. அந்த வத்தலை வித்துத்தான் மகளுக்குக் காதுகுத்து வைக்கிறதா இருந்தாக. ஆமா, போன வருசமே நடந்திருக்க வேண்டியது, இன்னைக்கு நடக்குது. அப்ப வச்சிருந்தா அது கைப்புள்ள, வெவரம் தெரிஞ்சிருக்காது. இப்ப ஊசியைப் பாத்தா ஊரைக் கூட்டும். சரி, அதை விடுங்க.

அன்னைக்குச் சாயங்காலம் மேப்பைப் பாக்குறேன். மேல எழுநூறுல சுத்தமாக் காவி, சென்னையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரு பொட்டுப் பச்சை இல்ல. கீழ மட்டும் கடல்ல இருந்து பச்சை ஏறி வருது. கீழ எப்பவும் அப்படித்தானே. மைக்கைப் பிடிச்சேன், "எழுநூறில் ஈரமில்லை"ன்னேன். வீட்டுக்கு வந்தேன். மறுநா பக்கத்து ஊருல திருவிழா, பொட்டி, ஆம்ப்ளி எல்லாத்தையும் வண்டியில ஏத்தி களத்தோரமா நிறுத்தியிருந்தேன். என்கிட்ட இருந்த தார்பாய் கிழிஞ்சு போச்சு. நேரா தங்கச்சி வீட்டுக்குப் போய், "தாயி, உன் தார்பாயைக் குடு, பொட்டியில தூசி விழும்"னு கேட்டேன்.

"மழை வருமாண்ணே?"ன்னு கேட்டா.

"மைக்ல சொன்னது காதுல விழலையா?"ன்னேன்.

எடுத்துக் குடுத்துட்டா. நீலத் தார்பாய், உள்பக்கம் மஞ்சள், புதுசு. எங்க மாப்பிள்ளை வாழவந்தான், தங்கச்சி வீட்டுக்காரரு, வாசல்ல நின்னாரு. அவரு கொஞ்சம் குத்தலாப் பேசுற ஆளு. "மழை இல்லைன்னா எதுக்கு மச்சான் மூடுறீங்க?"ன்னாரு. "பனி எறங்கும் மாப்பிள்ளை"ன்னேன்.

என்னண்ணே அப்படிக் கீழ குனிஞ்சு பாக்குறீங்க? ஆமா. அதுதான் இது. நீலம், உள்பக்கம் மஞ்சள். நான் என்ன திருடிக்கிட்டா போனேன்? திருப்பிக் குடுக்கத்தான் கொண்டு போறேன். ஒரு வருசமா குடுக்கணும் குடுக்கணும்னுதான் இருந்தேன், வீட்டுல வச்சிருந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குன்னு கடைப் பரண் மேல போட்டேன். அங்கேயும் கண்ணுல பட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.

தூசியா, பனியான்னா கேக்குறீங்க? ரெண்டும்தான். பழக்கம்ண்ணே. ரேடியோ செட்டுக்காரன் பொட்டியைத் தொறந்து போட்டுத் தூங்க மாட்டான். நல்ல கோடையிலயும் மூடித்தான் வப்போம், எலி வரும், அணில் வரும். அதுக்கும் நான் மைக்ல சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க வண்டியை நிறுத்தினா பூட்ட மாட்டீங்களா? பூட்டினா களவு போகும்னு நெனச்சுட்டீங்கன்னு அர்த்தமா?

விடியக் கருக்கல்ல கூரை மேல சத்தம் கேக்குது. சடசடன்னு இல்ல, பொடிசா, மணல் தூவுற மாதிரி. எழுந்து ஓடினேன். நான் ஓடலைன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றாக. பொய். நான் ஓடினேன். முதல்ல வண்டிக்கிட்டதான் போனேன், ஏன்னா வழியில வண்டிதான் முதல்ல இருக்கு. தார்பாய்க்குள்ள கையை விட்டுத் தடவிப் பாத்தேன், சொட்டு இறங்கல. அப்புறம் களத்துக்குப் போனேன்.

களத்துல பொம்பளைக பூராம் வீட்டுல கிடந்த சேலையைக் கொண்டாந்து போட்டு மூடுறாக. பெட்ஷீட், சாக்கு, கையில கிடைச்சது. என் தங்கச்சி வத்தலை ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி மடியில கட்டுறா. எம்புட்டை அள்ளுவா? களம் பூராம் கிடக்கு. தலையெல்லாம் நனைஞ்சு, கண்ணு காரத்துல எரியுது போல, தொடைக்கவும் முடியல, கை பூராம் மொளகா. "அண்ணே, மழை பெய்யுதுண்ணே"ன்னா.

நான், "இது மழை இல்ல தாயி, தூறல்"னேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? மழைங்கிறது மேல வரைக்கும் மேகம் கட்டிப் பெய்யுறது. இது கெழக்குக் காத்துல கடலோட ஈரம் தவழ்ந்து வந்து சிந்துறது. எழுநூறு அப்பவும் காஞ்சுதான் இருந்துச்சு. போனை எடுத்து அவகிட்டக் காட்டுனேன் கூட. பாரு, காவியா இருக்கு பாருன்னேன். அவ போனைப் பாக்கலண்ணே. எனக்குப் பின்னாடி பாத்தா. வண்டி நிக்குதுல்ல அங்கன, அந்த நீலத் தார்பாயை. அப்புறம் குனிஞ்சு அள்ள ஆரம்பிச்சுட்டா.

மாப்பிள்ளைதான் சொன்னாரு. "ஊர் வத்தல் பூராம் நனைஞ்சு போச்சு மச்சான். நல்லவேளை, உங்க பொட்டி நனையல"ன்னாரு. இதுக்கு நான் என்ன சொல்ல? நனைஞ்சிருந்தா சந்தோஷமா? பொட்டியில யாரு பேரு எழுதியிருக்கு? அவ பேரு. அவ தார்பாயை அவ பேரு மேலதானே போட்டேன்?

அதுக்கப்புறம் வெயிலே வரல. மூட்டமாவே கிடந்துச்சு. வத்தல் வெளுத்து, பூசணம் பிடிச்சுப் பூராம் சோடையாப் போச்சு. ஏவாரி வந்து கையில எடுத்துப் பாத்துட்டுக் கீழ போட்டுட்டுப் போனான். காதுகுத்து தள்ளிப் போச்சு. ஊருக்காரவுக ஹாரனைத் தொட்டியில இருந்து அவுத்து, என் வீட்டு வாசல்ல கொண்டு வந்து வச்சாக. சண்டை போடல, திட்டல. வச்சுட்டுப் போயிட்டாக. தப்பாச் சொல்றவன் எத்தனை பேரு இருக்கான், டிவிக்காரன் சொல்லலையா? அவுகளை யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. எங்கிட்ட மட்டும் ஏன் இப்படின்னு எனக்கு இன்னும் புரியல. கணக்குல தப்பு எங்கன்னு யாராச்சும் சொல்லட்டும், நான் ஒத்துக்கிறேன்.

மனசு கேக்கலண்ணே. அவ சண்டை போட்டிருந்தாக் கூடத் தேவலை. தெருவுல எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறா. நான் தூக்கி வளத்த புள்ள.

அண்ணே, கோச்சுக்காம உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. உங்களுக்குச் சிக்னல் இருக்கு. இந்தா, இப்படி அடிச்சா வரும். வந்துருச்சு பாருங்க. இதுதான் எழுநூறு. நேரம் வெளிநாட்டு நேரத்துல போட்டிருப்பான், அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டிக்கணும். இப்பதான் இது. பாத்தீங்களா, காவி. நம்ம ஜில்லா பூராம் காவி. ஈரமில்லை.

கீழ உள்ளதையும் பாத்துருவோம். சும்மாதான். இது எண்ணூத்தம்பது.

பச்சை.

தொண்டி, தேவிபட்டினம், எல்லாம் கரும்பச்சை. உள்ள ஏறி வருது. கெழக்குக் காத்து. அன்னைக்கும் இப்படித்தாண்ணே இருந்துச்சு. அச்சு அசல்.

இல்ல, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கீழ எப்பவும் பச்சைதான். நான் சொன்னேன்ல? ஆனா அந்தப் பக்கம் பாருங்க, ஜன்னல்ல, கெழக்க. மேகம் ரொம்பத் தாழ வருது, பனைமரத்தை இடிக்கிற மாதிரி. காத்தும் சில்லுன்னு அடிக்குது. அங்க ஒரு பந்தல் கிடையாதுண்ணே. வெட்டவெளி. அடுப்பு பத்த வச்சிருப்பாக, சோறு பொங்கி ஓலைப்பாயில கொட்டியிருப்பாக. புள்ள புதுச்சட்டை போட்டு உக்காந்திருக்கும். ஆசாரி வந்திருப்பாரு.

சொல்லலாம். சொன்னா, "எழுநூறில் ஈரமில்லைன்னியே, இப்ப என்ன"ம்பாக. சொல்லி மழை வரலைன்னா அதுக்கும் சிரிப்பாக. சொல்லாம வந்துருச்சுன்னா? ரெண்டாவது தடவை. பூவலிங்கம் மடியிலதான் உக்காரும் அந்தப் புள்ள, அதுல சந்தேகமே இல்ல. அவனுக்கு மடியே இல்ல, தொந்திதான் இருக்கு.

உங்க போன்லயே என் சம்சாரத்துக்குப் போட்டுப் பாத்தேன், மணி அடிக்குது, எடுக்கல. அடுப்படியில நிப்பா. தங்கச்சி நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா, என் நம்பரைப் பாத்தாலே அமத்திருவா. அண்ணே, ஒரு உதவி செய்யுங்க. உங்க போன்ல இருந்து கூப்பிடுங்க. நம்பர் நான் அடிச்சுத் தாரேன், மனப்பாடம். நான் சொன்னதாச் சொல்ல வேண்டாம். ரோட்டுல போற ஆளு, கெழக்க மேகம் கருக்கலா இருக்கு, சோத்துக்கு மேல எதையாச்சும் கட்டுங்கன்னு சொல்லுங்க. அம்புட்டுதான். எழுநூறு, எண்ணூத்தம்பதெல்லாம் வேண்டாம்.

போகுதா? எடுத்துட்டாளா? பேசுங்க, பேசுங்க. கருக்கலா இருக்குன்னு சொல்லுங்க. நல்லா சத்தமாப் பேசுங்க, அங்க மேளம் அடிக்கும்.

என்ன சொல்றா? யாருன்னு கேக்குறாளா? சொல்லாதீங்க. யாரோன்னு சொல்லுங்க. என்ன முழிக்கிறீங்க? என்ன சொன்னா?

வச்சுட்டாளா.

என்னண்ணே சொன்னா? "எங்க அண்ணன் பக்கத்துல உக்காந்திருக்காரா"ன்னா? முதல் வார்த்தையே அதுதானா? நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்களாக்கும். முகத்தைப் பாத்தாலே தெரியுது. சரி, அப்புறம்? அப்புறம் என்ன சொன்னா?

"என் தார்பாயை எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அம்புட்டுதானா? கோவமாச் சொன்னாளா? சாதாரணமாவா? சிரிச்சாளா? இல்லை, சிரிச்சிருக்க மாட்டா. வரச் சொல்லுங்கன்னுதானே சொன்னா? தார்பாயைக் குடுத்தனுப்பச் சொல்லல, வரச் சொன்னா. நீங்க நல்லாக் கேட்டீங்கள்ல? இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

சரி. சரி. எழுந்திரிங்க, இதை வெளிய இழுக்கணும். அந்த முனையைப் பிடிங்க. கனமாத்தான் இருக்கும், பெரிய தார்பாய், சோத்துப் பாயும் கொள்ளும், அடுப்பும் கொள்ளும், புள்ளையை வச்சுக்கிட்டு நாலு பேரு உக்காரவும் கொள்ளும். ஜன்னல் ஷட்டரை இறக்கி விடுறேன், உங்க மேலயும் சாரல் அடிக்குது. என் கையிலயும் விழுது பாருங்க, இந்தா, இந்தா. கண்டக்டர், விலக்குல வேண்டாம், அந்த வன்னிமரத்துக்கிட்டயே நிறுத்தச் சொல்லுங்க. புள்ளைக்குக் காது குத்தப் போறாகய்யா, எல்லாரும் வெட்டவெளியில நிக்கிறாக, கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லுங்க, மழை பெய்யுது.